ஆஷ் என்ற சொல்லுக்கு முழு வழிகாட்டி: குசினிச் சாம்பலில் இருந்து கீரிமலை வரை

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா காலமானார். பேரப்பிள்ளைகள் கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. அதனால் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டு என்ற நினைவு நூலின் கடைசி இரண்டு பக்கங்களை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று மகன் விரும்பினார். "கீரிமலையில் அஸ்தி கரைக்கப்பட்டது" என்று தமிழில் ஒரு வரி இருந்தது. கீரிமலை எங்கள் யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள புனித தீர்த்தம். அதைப் போனில் மொழிபெயர்த்தபோது, மெழுகை உருக்குவதுபோலச் சாம்பலை உருக்கினார்கள் என்று பொருள்படும் ஆங்கிலம் வந்து நின்றது. அச்சுக்குப் போக ஒரு நாள் இருக்கையில் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார்.

இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு மிகச் சுலபமாகத் தெரிகிற சொற்களில்தான் இப்படியான பிழைகள் அதிகம் வரும். ஆஷ் என்றால் சாம்பல் என்று ஐந்தாம் வகுப்பிலேயே எழுதிப் பாடமாக்கிவிடுகிறோம். அதோடு அந்தச் சொல் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருப்பதைத் தமிழ் சாம்பல், நீறு, திருநீறு, விபூதி, அஸ்தி என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே ஆஷ் என்ற சொல்லைக் கண்டால் "இதற்குத் தமிழ் என்ன?" என்று உடனே கேட்காதீர்கள். "என்ன எரிந்தது, மிஞ்சியதை வைத்து என்ன செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்து வருபவைதான்.

முதற்படி: வாயில் சரியாக வரட்டும்

இந்தச் சொல்லின் உயிர் ஒலி தமிழ் எழுத்தில் இல்லை. ஆவுக்கும் ஏவுக்கும் நடுவில் நிற்கும் ஒலி அது. தமிழ்நாட்டில் பேங்க் என்றும் இங்கே பாங்க் என்றும் சொல்வதற்குக் காரணம் இதே ஒலிதான். அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், நாங்கள் மறுபக்கம் சாய்ந்தோம். கொஞ்சம் சிங்களம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கண்ணுக்குச் சிங்களத்தில் சொல்லும் சொல்லின் முதல் எழுத்தை ஒலித்துப் பாருங்கள், அதுதான். வாயை ஆ சொல்ல அகலத் திறந்து, அப்படியே ஏ சொல்ல முயன்றாலும் வந்துவிடும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்குத் தனி எழுத்தே இருந்தது. ஏயையும் ஈயையும் ஒட்டி எழுதிய வடிவம். அந்த எழுத்தின் பெயரே ஆஷ்தான். நோர்வே மொழியில் அந்த வடிவம் இன்றும் நெடுங்கணக்கில் இருக்கிறது. அங்கே வளரும் எங்கள் பிள்ளைகள் அதை நாளாந்தம் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஆஷ் என்றே எழுதுகிறேன், வாசிக்கும்போது நடு ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அடுப்படியில் போய் நின்று பாருங்கள்

எரிந்து மிஞ்சுவதெல்லாம் ஆஷ் அல்ல. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சிறு குடும்பமே இருக்கிறது. அதைப் புத்தகத்தில் படிப்பதைவிட விறகடுப்பின் முன்னால் படிப்பது நல்லது. காஸ் அடுப்பு வந்தபிறகும் பல வீடுகளில் குசினிக்குப் பின்னால் ஒரு விறகடுப்பு இருக்கும். அதில் ஒரு சிரட்டையைப் போடுங்கள்.

முதலில் சுவாலை எழும்பும், புகை வரும். புகை போய்ப் படியும் இடத்தில், கூரையிலும் சட்டியின் அடியிலும், கறுப்பாக மெல்லிய தூள் ஒட்டும். அதுதான் புகைக்கரி, ஆங்கிலத்தில் சூட். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. காலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையில் வந்தது சூட்.

சுவாலை அடங்கியதும் சிரட்டை சிவந்து கிடக்கும். இது தணல், ஆங்கிலத்தில் எம்பர். சூடு இருக்கும்வரைதான் அந்தப் பெயர்.

இப்போது தணலின் மேல் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டால் மிஞ்சுவது கரி. சிரட்டைக் கரி, ஊமல் கரி என்று நாங்கள் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில் சார்க்கோல். சார் என்ற வினைச்சொல்லுக்குக் கரியாக்குதல், கருக்குதல் என்று பொருள். கரியில் இன்னும் கார்பன் இருக்கிறது. அதனால் அது மறுபடி எரியும். ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்டதும் கொல்லன் உலையில் ஊதியதும் இந்தக் கரியைத்தான்.

தண்ணீர் தெளிக்காமல் விட்டுவிட்டால் தணல் மெதுவாக வெளுத்து, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை படரும். காலையில் பார்த்தால் ஒரு கைப்பிடி மென்தூள்தான் இருக்கும். அதுதான் ஆஷ். கார்பன் முழுக்க எரிந்து போய், மரம் மண்ணில் இருந்து உறிஞ்சிய உப்புகளும் தாதுக்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இனி அது எரியாது.

இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் பாதிப் பிழை குறையும்: மறுபடி எரியக்கூடியது கரி, எரிய முடியாதது ஆஷ். உமிக்கரியால் பல் விளக்கியதை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் ரைஸ் ஹஸ்க் ஆஷ் என்று எழுதுவார்கள். உமி முழுக்க எரிந்து வெளுத்திருந்தால் அது சரி. கறுப்பாக இருந்தால் அது சார்க்கோல்.

இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அரைகுறையாக எரிந்த கட்டி சிண்டர். பெருஞ்சூட்டில் சாம்பல் உருகி ஒட்டிக் கட்டியானால் கிளிங்கர். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த குடும்பங்களுக்கு இந்தக் கடைசிச் சொல் பழக்கமானது. ஆனால் அங்கே அது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுட்டெடுத்த கட்டி. எரிந்த மிச்சம் அல்ல, அரைத்துச் சீமெந்தாக்க வேண்டிய பொருள்.

மூன்றாம் படி: ஆஷா, ஆஷஸா?

பரீட்சையில் புள்ளி போகும் இடம் இது.

பொதுவான ஒரு பொருளாகச் சொல்லும்போது ஒருமை. விறகுச் சாம்பல் வுட் ஆஷ், சுருட்டுச் சாம்பல் சிகார் ஆஷ். எண்ண முடியாத பெயர்ச்சொல் என்பதால் முன்னால் "அன்" போடக்கூடாது, சம் போடலாம். என் அப்பு திண்ணையில் இருந்து சுருட்டுப் பிடிப்பார். நெருப்புத் துண்டில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சாம்பல் நிற்கும், விழாது. பேசிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவர் வாயைப் பார்க்க மாட்டோம், அந்தச் சாம்பல் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். அந்தத் துண்டு ஆஷ். சிகரெட்டைத் தட்டிச் சாம்பலை விழுத்துவதற்குப் பேச்சு வழக்கில் ஆஷ் என்பதையே வினையாகவும் சொல்வார்கள்.

ஒரு குறிப்பிட்ட நெருப்பு விட்டுச் சென்றதைச் சொல்லும்போது பன்மை. நேற்று எரிந்த வீட்டின் மிச்சம் ஆஷஸ். எரியூட்டப்பட்ட மனித உடலின் மிச்சமும் எப்போதும் ஆஷஸ்தான். இங்கே ஒருமை போட்டால் இறந்தவரைப் பற்றிப் பேசுகிற தொனியே போய்விடும். பெரியம்மாவின் மிச்சத்தை ஆஷ் என்று எழுதுவது, அவர் வீட்டு அடுப்பைச் சுரண்டி எடுத்ததுபோல இருக்கும்.

இதில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் துல்லியமானது என்று எனக்குத் தோன்றும். அஸ்தி என்ற சொல்லின் வேர்ப்பொருள் எலும்பு. உடல் எரிந்தபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி எலும்பின் தாதுதான். காடாத்துக்குப் போனவர்கள் குனிந்து பொறுக்கி எடுப்பதும் அதைத்தான். ஆங்கிலம் அதையும் ஆஷஸ் என்றே சொல்கிறது. அதனால் அஸ்தி என்பதற்குப் போன்ஸ் என்று எழுதாதீர்கள், ஆங்கிலம் வாசிப்பவர் பயந்துபோவார்.

அப்புறம் வினைச்சொல். இங்கிலாந்தில் அஸ்தியைத் தோட்டத்திலோ கடலிலோ தூவுவார்கள், அதற்கு ஸ்கேட்டர். நாங்கள் நீரில் கரைக்கிறோம். கரைத்தல் என்றவுடன் டிஸால்வ் என்று எழுதினால் அது சீனி தேத்தண்ணியில் கரைவது. மெல்ட் என்றால் உருகுவது. எங்கள் வழக்கத்துக்குப் பொருந்துவது இமர்ஸ், நீரில் அமிழ்த்துதல். ஆகவே அந்தக் கல்வெட்டில் "தி ஆஷஸ் வேர் இமர்ஸ்ட் அட் கீரிமலை" என்று போட்டோம். கீரிமலை என்ற பெயரை மொழிபெயர்க்கவில்லை. அது எந்த இடம், ஏன் அங்கே போகிறோம் என்று ஒரு வரி சேர்த்தோம், பேரப்பிள்ளைகளுக்காக.

நான்காம் படி: முன்னும் பின்னும் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

ஆஷ் தனியாக வருவதைவிட இன்னொரு சொல்லோடு சேர்ந்து வருவது அதிகம். சேரும்போது சில இடங்களில் எரிந்தது எதுவுமே இருக்காது.

சந்தைக்குப் போங்கள். ஆஷ் பிளாண்டெய்ன் என்று சுப்பர் மார்க்கெட் சிட்டையில் இருப்பது கறி வாழைக்காய். ஆஷ் பம்ப்கின் என்பது நீற்றுப்பூசணி. இரண்டின் தோலிலும் வெண்பூச்சு ஒன்று படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் வரும். தீயோடு அதற்குத் தொடர்பில்லை, காய் தானே சுரக்கும் மெழுகு அது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குச் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. சிங்களவர்கள் அலு கெசெல், அலு புஹுல் என்பார்கள், அலு என்றால் சாம்பல். தமிழன் நீறு பூசிய பூசணி என்றான். மூன்று மொழிக்காரரும் ஒரே காயைப் பார்த்து ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெயர்களை மொழிபெயர்க்கும்போது பழைய பெயரையே போடுங்கள். சமையல் குறிப்பில் "சாம்பல் பூசணி" என்று கண்டால் எனக்கு மனம் கேட்காது. நீற்றுப்பூசணி என்ற நல்ல சொல் கையில் இருக்கிறதே.

தோட்டக்காரர்களுக்குப் பொட்டாஷ் தெரியும். அந்தச் சொல்லுக்குள் ஆஷ் ஒளிந்திருக்கிறது. மரச் சாம்பலை நீரில் ஊறவைத்து, அந்த நீரைப் பானையில் வற்றக் காய்ச்சி எடுத்த உப்புக்குப் பானைச் சாம்பல் என்று டச்சுக்காரர் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் பொட் என்றால் பானை, ஆஷ் என்றால் சாம்பல். 1807இல் ஹம்ப்ரி டேவி அந்த உப்பில் இருந்து பெற்ற காரத்தை உருக்கி, அதில் மின்சாரம் பாய்ச்சி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பொட்டாசியம் என்று பெயரிட்டார். அல்கலி என்ற சொல்லும் இதே கதைதான், அரபு மொழியில் செடியை எரித்த சாம்பலைக் குறித்த சொல் அது. எங்கள் ஆச்சிமார் பொச்சில் சாம்பலைத் தொட்டுச் சட்டி விளக்கியது வெறும் தேய்ப்பு வேலை அல்ல. சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேற்று எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து, கொஞ்சம் சவர்க்காரம்போல் வேலை செய்கிறது. வாழைக்கும் மிளகாய்க்கும் அடியில் சாம்பல் போடுவதும் பொட்டாசியத்துக்காகத்தான். இன்று மூட்டையில் வரும் எம்.ஓ.பி. என்ற பொட்டாஷ் உரத்தில் சாம்பல் எதுவும் இல்லை, அது சுரங்கத்தில் எடுத்த உப்பு. பெயரில் மட்டும் பழைய அடுப்பு மிஞ்சியிருக்கிறது. சோடா ஆஷ் என்பதும் அப்படித்தான். சோடியம் கார்பனேற்று என்று எழுதினால் போதும்.

ஃப்ளை ஆஷ் உண்மையான சாம்பல். நுரைச்சோலை போன்ற நிலக்கரி மின் நிலையங்களில் புகையோடு மேலெழும் நுண்தூள் அது. புகைபோக்கிக்குப் போகுமுன் பிடித்துச் சேர்த்து, சீமெந்தில் கலக்கிறார்கள். அடியில் தங்குவது பொட்டம் ஆஷ்.

வொல்கேனிக் ஆஷ் என்பதற்கு எரிமலைச் சாம்பல் என்று தமிழில் நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டாம். ஆனால் எதுவும் எரிந்து வந்ததல்ல அது. இரண்டு மில்லிமீற்றருக்கும் சிறிதாக நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோனபோது, சாம்பலுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று பலரும் கேட்டார்கள். விமான இயந்திரத்தின் சூட்டில் அந்தத் துகள் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அடுப்புச் சாம்பலை மனதில் வைத்தால் இது விளங்காது.

கோழித்தீன் பையில் குரூட் ஆஷ் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். தீனில் சாம்பல் கலந்திருக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். ஆய்வுகூடத்தில் தீனின் ஒரு மாதிரியை ஏறத்தாழ 550 பாகையில் முழுக்க எரித்து, மிஞ்சியதை நிறுத்துச் சொல்லும் அளவு அது. உணவில் உள்ள மொத்தத் தாதுக்களின் அளவு என்று தமிழில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: நெற்றிக்கு வரும்போது

திருநீற்றைச் சேக்ரட் ஆஷ் அல்லது ஹோலி ஆஷ் என்று எழுதுவது வழக்கம். ஒருமைதான். பசுவின் சாணத்தை உருண்டையாக்கிக் காயவைத்து எரித்து எடுத்த பொருள் என்பதை முதல் தடவை சொல்லும்போதே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லாமல் ஆஷஸ் என்று பன்மையில் எழுதினால், மூன்றாம் படியில் பார்த்ததுபோல, வெளிநாட்டு வாசகர் நெற்றியில் இருப்பது யாருடைய அஸ்தி என்று யோசிப்பார். கோவிலில் ஐயர் தருவதை வாங்குவது ரிசீவ், பூசுவது அப்ளை. பூசுவதைப் பெயிண்ட் என்று எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன். விபூதி என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுப்பதே எனக்குப் பிடித்த வழி.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தவக்காலம் தொடங்கும் புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் ஆஷ் வென்ஸ்டே என்று பெயர், பெயரில் ஒருமை. அன்று நெற்றியில் பெறுவதையோ பெரும்பாலும் ஆஷஸ் என்று பன்மையில் சொல்வார்கள். முந்திய வருடக் குருத்தோலை ஞாயிறின் ஓலைகளை எரித்து எடுத்த சாம்பல் அது. குறிப்பிட்ட ஒரு நெருப்பு, குறிப்பிட்ட மிச்சம் என்பதால் பன்மை பொருந்துகிறது. எங்கள் கத்தோலிக்க மக்கள் அந்த நாளை விபூதிப் புதன் என்கிறார்கள், திருநீற்றுப் புதன் என்றும் உண்டு. சைவ வீட்டுச் சொல்லே தேவாலயத்திலும் புழங்குகிறது. சாம்பல் புதன் என்பதும் பிழையல்ல, ஆனால் கேட்க வெறுமையாக இருக்கிறது.

வேதாகமத் தமிழில் வரும் இரட்டும் (சாக்குத் துணியும்) சாம்பலும் என்ற தொடருக்கு ஆங்கிலத்தில் சேக்கிளாத் அண்ட் ஆஷஸ். மனம் வருந்தித் தன்னைத் தாழ்த்திக்கொள்வதைக் குறிக்கும்.

ஆறாம் படி: சாம்பலே இல்லாத ஆஷ்

ஆஷ் என்று ஒரு மரம் இருக்கிறது. ஐரோப்பாவில் வளர்வது. எழுத்திலும் ஒலியிலும் சாம்பலோடு ஒன்றுதான், பிறப்பில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் இந்த மரத்தின் பெயரே ஈட்டிக்கும் பெயர், ஈட்டித் தடியை அதில்தான் செய்தார்கள். கடினமாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருப்பதால் கோடரிப் பிடிக்கும் ஏற்றது. கிரிக்கெட் ஸ்டம்பும் அதில் செய்வதுண்டு. இந்த மரம் எங்கள் மண்ணில் இல்லை. அதனால் ஆஷ் மரம் என்றே எழுதுங்கள். "சாம்பல் மரத்தின் கீழ் நின்றான்" என்று இயந்திர மொழிபெயர்ப்பில் வந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் ஒருதரம் சரிபார்ப்பது நல்லது. மவுண்டன் ஆஷ் என்று வந்தால் இன்னும் கவனம். பிரித்தானியாவில் அது ரோவன் என்ற வேறு மரம், அவுஸ்திரேலியாவில் அது மிக உயரமாக வளரும் ஒரு யூகலிப்டஸ்.

கிரிக்கெட் ஆஷஸுக்கு ஸ்டம்ப் மரத்தோடு தொடர்பு இருக்கும் என்று ஒரு மாணவன் சொன்னான். நல்ல ஊகம், ஆனால் இல்லை. 1882 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியா 7 ஓட்டங்களால் இங்கிலாந்தை வென்றது. சில நாள் கழித்து ஒரு லண்டன் பத்திரிகை ஆங்கிலக் கிரிக்கெட்டுக்கு மரண அறிவித்தல் போட்டது. உடல் தகனம் செய்யப்பட்டு அஸ்தி அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும் என்று அதில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஐவோ பிளை தலைமையில் அவுஸ்திரேலியாவுக்குப் போன இங்கிலாந்து அணி அஸ்தியை மீட்கப் போவதாகச் சொல்லிப் போனது. அங்கே அவருக்குக் கிடைத்த சிறு கலசம், ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் உயரம், இன்று லோர்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே இந்த ஆஷஸ் அஸ்திதான். மரண அறிவித்தலை நாளும் பத்திரிகையில் வாசிக்கிற எங்கள் ஊருக்கு அந்த உவமை உடனே பிடிபடும். தமிழில் எழுதும்போது ஆஷஸ் தொடர் என்றே விடுங்கள்.

ஏழாம் படி: உவமையாக வரும்போது

ஆஷன் என்று முகத்தைச் சொன்னால் பயத்தாலோ நோயாலோ வெளிறிய முகம். சாம்பல் பூசிய முகம் என்று எழுதினால் சாமியார் வந்து நிற்பார். ரேக் ஓவர் தி ஆஷஸ் என்றால் முடிந்துபோன சண்டையைத் திரும்பக் கிளறுவது. இதற்குத் தமிழில் கிளறுதல் என்ற சொல்லே போதும், சாம்பல் வேண்டாம். வெற்றி வாயில் ஆஷஸ் ஆனது என்றால் கசந்துபோனது.

ரிடியூஸ்ட் டு ஆஷஸ், ரைஸ் ஃப்ரம் தி ஆஷஸ் என்ற இரண்டையும் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் தவறாமல் பயன்படுத்துவார்கள். முதலாவது பொருத்தம். 1981 ஜூன் தொடக்கத்தில் அந்தக் கட்டடத்தோடு 97,000 அளவிலான நூல்கள் எரிந்தன. சாம்பலாகியது என்பது அங்கே உவமையே அல்ல, நடந்தது. இரண்டாவதைப் பயன்படுத்தும்போது எதைச் சொல்கிறோம் என்று ஒருதரம் நின்று பாருங்கள். கட்டடம் சாம்பலில் இருந்து எழுந்தது என்று எழுதலாம், அது வெள்ளையாக மறுபடி நிற்கிறது. வேறு பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் சேர்ந்துதான் எரிந்தன. அவை எழவில்லை. நூலகம் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கி எழுந்துவிட்டது என்று என் மாணவர் யாரும் எழுதினால், கட்டடம் என்று திருத்தச் சொல்வேன்.

கடைசியாக, தமிழில் இருந்து ஆங்கிலத்துக்குப் போகும் ஒன்று: நீறு பூத்த நெருப்பு. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆங்கிலத்தில் ஓர் அடுப்பு மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் பகையோ ஏக்கமோ தெரியாது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்மோல்டர் என்ற வினை இருக்கிறது. சுவாலை இல்லாமல் உள்ளே கனன்றுகொண்டிருப்பது. பகை என்றால் ஸ்மோல்டரிங் என்று அடைமொழியாக முன்னால் போடுங்கள். காலையில் அம்மா அடுப்புச் சாம்பலை ஒதுக்கி, அடியில் ஒரு சிவப்பைக் கண்டு, ஒரு சருகை வைத்து ஊதுவது போன்ற காட்சியை எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் ஆஷையும் எம்பரையும் சேர்த்து எழுதலாம், இரண்டுமே அங்கே உண்மையாக இருக்கின்றன.